பக்கத்து போர்ஷன் சத்தம் தூங்க விடவில்லையா?

பக்கத்து போர்ஷனில் மிக்சி ஓடினால் உங்கள் கட்டில் அதிர்கிறதா? உங்கள் காதில் கோளாறு ஒன்றும் இல்லை. ஒரே மாடியை இரண்டு, மூன்று போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விடும்போது நடுவில் எழுப்புவது பெரும்பாலும் நாலரை இஞ்ச் செங்கல் சுவர்தான். பேச்சுச் சத்தத்தை அது ஓரளவு தடுக்கும். மேடையில் ஓடும் மிக்சி, தரையில் இழுக்கும் நாற்காலி இதெல்லாம் கட்டடத்தின் வழியாகவே உங்கள் அறைக்கு வந்துவிடும்.

முதலில் போய்ப் பேசுங்கள். நான் முன்பு குடியிருந்த வீட்டில் தினமும் விடியற்காலை 5 மணிக்கு மிக்சி சத்தம். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கேட்டபோதுதான் தெரிந்தது, பக்கத்து வீட்டு அக்கா 6 மணி பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போகிறவர். "அன்னிக்கே சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே தம்பி" என்றார். மறுநாளிலிருந்து சட்னியை முந்தின ராத்திரியே அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். (என் அலாரம் மூன்று முறை அடிப்பது அவருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்ததாம்!)

பேசியும் கேட்கவில்லை என்றால்? ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் சுற்றுப்புற ஒலி காலை 6 முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், அதன் பிறகு 45 டெசிபல். வீட்டில் வைக்கும் சவுண்ட் சிஸ்டத்தின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. செல்போன் செயலியில் டெசிபல் பார்க்கலாம், ஆனால் அது தோராயம்தான். எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்று குறித்து வைப்பது அதைவிடப் பயன்படும். அந்தக் குறிப்போடு வீட்டு உரிமையாளரிடம் பேசுங்கள். நள்ளிரவில் பாட்டு அலறினால் 100 அல்லது 112-ஐ அழைக்கலாம், 'காவல் உதவி' செயலியும் இருக்கிறது. இரவு நேரக் கட்டுப்பாட்டை மீறினாலே புகார் செய்ய விதியில் இடம் உண்டு.

குழந்தை அழுவதற்கும் தாத்தா இருமுவதற்கும் புகார் கொடுக்க முடியாது. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்களுக்கும் இந்த 45 டெசிபல் கணக்கு உதவாது என்பதுதான் வருத்தம். கட்டிலை வேறு சுவர் பக்கம் தள்ளிப் போடுங்கள். துணி நிறைந்த பீரோவை நடுச்சுவரை ஒட்டி வையுங்கள். கதவுக்கு அடியில் உள்ள இடுக்கைத் துணியால் அடையுங்கள். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் நிற்கும் என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்த முறை வீடு பார்க்கும்போது, அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரவு 8 மணிக்கு ஒரு தடவை போய், பேசாமல் ஐந்து நிமிடம் உள்ளே நின்று பாருங்கள்.