பிக்கப் வண்டி 'ஹீட்' ஆவது வெயிலால் மட்டுமா? சந்திரகிரி ஏற்றத்தில் ஒரு கணக்கு

சென்னையில் லோடு ஏற்றிக்கொண்டு மதனபள்ளிக்குப் போகும் பிக்கப் வண்டிகள், திருப்பதி, சந்திரகிரி தாண்டி பாக்கராபேட்டை மலைப்பாதையில் ஏறுகின்றன. மே மாத மதியத்தில் இந்தப் பகுதியில் வெயில் அடிக்கடி 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஏற்றத்தில் பானட்டைத் திறந்துவைத்து ஒரு வண்டி நின்றால், "வெயில்ல சூடாகிடுச்சு" என்றுதான் நினைப்போம். அது பாதி உண்மைதான்.

எவ்வளவு சூடு சரி?

டீசல் எரிந்து கிடைக்கும் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாகவே போய்விடுகிறது. ஒரு பகுதி சைலன்சர் வழியே வெளியேறுகிறது. இன்னொரு பகுதியை கூலன்ட் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்குகிறது. ஓடும் வண்டியில் கூலன்ட் சுமார் 85 முதல் 105 டிகிரி வரை இருப்பது இயல்பு.

வெயில் என்ன செய்கிறது?

ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், கூலன்டுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 70. காற்று 43 டிகிரி என்றால் 52. அதாவது, அதே ரேடியேட்டரின் திறன் கிட்டத்தட்ட கால் பங்கு குறைகிறது.

ஏற்றத்தில் லோடோடு போகும்போது எஞ்சின் அதிக வெப்பத்தை உண்டாக்கும். வேகம் குறைவதால் முன்னாலிருந்து வரும் காற்றும் குறையும்.

இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் ரேடியேட்டரை வடிவமைக்கிறார்கள். எனவே நல்ல நிலையில் இருக்கும் வண்டி வெயிலுக்காக மட்டும் கொதிக்காது. சேறும் தூசியும் அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட், குறைந்துபோன கூலன்ட், தேய்ந்த மூடி: டிசம்பரில் தெரியாத இந்தக் குறைகளை மே மாதம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தண்ணீர் போதாதா?

வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர் கூலன்டை விடக் கெட்டிக்காரன்தான். ஆனால் சீக்கிரம் கொதிக்கும், துருவும் பிடிக்கும். மூடி தரும் அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 130-ஐ நெருங்கும்.

"வெயில் காலத்துல தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடுங்க" என்ற யோசனையும் வேண்டாம். அதனால் ரேடியேட்டரின் திறன் கூடாது. வெயில் தணிந்த நேரத்தில் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் டீசல் வீணாகும்.

முள் ஏறினால்?

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுதாக வையுங்கள். வியர்க்கும், ஆனால் எஞ்சினிலிருந்து கொஞ்சம் வெப்பம் இறங்கும். முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்: அழுத்தம் விட்டதும் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும். சூடான எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், விரிசல் விடலாம்.

ஒன்றை மறக்காதீர்கள்: கூலன்ட் மொத்தமாக ஒழுகிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும். அப்போது முள் இறங்கியும் காட்டலாம். அதை நம்பி ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும். பிக்கப்பை நம்பிப் பிழைப்பவருக்கு அது ரிப்பேர் செலவு மட்டுமல்ல; வண்டி ஓடாத நாட்களிலும் மாதத் தவணை கட்டியாக வேண்டும்.

உங்கள் காருக்கும் இதே கணக்குதான். அடுத்த கோடையில் மலை ஏறுவதற்கு முன், எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் கூலன்ட் அளவை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.