இருபது வாட்டும் இரண்டரை வாட்டும்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் யூஎஸ்பி ஒயரில் ஓடும் குட்டி ஸ்பீக்கர்களைக் குவித்து வைத்து விற்கிறார்கள். சில பெட்டிகளின் மேல் ‘20 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். யூஎஸ்பி 2.0 துளை முறைப்படி தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கினால் இரண்டரை வாட். உள்ளே போவதே இரண்டரை என்றால் வெளியே இருபது எங்கிருந்து வரும்? பத்தாம் வகுப்பு அறிவியலில் வரும் பெருக்கல்தான். கடை வாசலில் யார் போட்டுப் பார்க்கிறார்கள்?

இந்த வித்தை புதிதல்ல. 90களின் பிற்பகுதியில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ நினைவிருக்கும். கண்ணிமைக்கும் நேரத்துக்கு எட்டக்கூடியதாகச் சொல்லப்பட்ட உச்சத்தை அவரவர் இஷ்டப்படி கணக்கிட்டு அச்சடித்த எண் அது. தொடர்ந்து கிடைக்கும் திறனைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். அளவைத் தேடினால் பெட்டியின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும். பலவற்றில் அது ஒற்றை இலக்கம்.

அப்படி ஏமாந்த அதே தலைமுறை, வேறொரு வழியில் நிறையவே கற்றுக்கொண்டது. அன்று ஒலிக்குத் தனி அட்டை. 1989இல் சிங்கப்பூரிலிருந்து வந்த சவுண்ட் பிளாஸ்டரை ஸ்லாட்டில் செருகிவிட்டால் மட்டும் பாட்டு வந்துவிடாது. முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று ஜம்பர்களைச் சரிபார்த்து, விளையாட்டுக்கும் அதையே சொல்லவேண்டும். பிரிண்டர் போர்ட்டுக்கும் வழக்கமான எண் அந்த ஏழுதான். இரண்டும் முட்டிக்கொண்டால் ஒலி திக்கும். சில நேரம் மெஷினே அசையாமல் நின்றுவிடும். ஜம்பரைப் பிடுங்கி 5இல் போடு, மறுபடி ஆன் செய். வகுப்பில் பிள்ளைகள் கை தூக்குவது மாதிரி ஒவ்வொரு சாதனமும் பிராசஸரைக் கூப்பிடுகிறது என்பதை, இந்தச் சள்ளையில்தான் பல பையன்கள் புரிந்துகொண்டார்கள்.

படத்திலும் இதே கதை. 1987இல் வந்த விஜிஏவின் நினைவகம் 256 கேபி. 640க்கு 480 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 256 நிறம் கேட்டால் 3,07,200 பைட் ஆகிறது. கையில் இருப்பதோ 2,62,144. கொள்ளாது. எனவே அந்த அளவில் 16 நிறத்தோடு திருப்திப்பட வேண்டும். 256 நிறம்தான் வேண்டுமென்றால் 320க்கு 200 என்று இறங்கலாம். 64,000 பைட்டில் முடிந்துவிடும். டாஸ் கால விளையாட்டுகள் பலவற்றில் படம் கட்டம் கட்டமாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். இன்றைய திரைக்கும் கணக்கு மாறவில்லை: 1920க்கு 1080, புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 முறை. ஏறக்குறைய 300 கோடி பிட்! இதைப் போட்டுப் பார்த்தவர் மானிட்டர் கேபிளைக் கையில் எடுக்கும்போது ‘இத்தனையும் இதில் போகுமா?’ என்ற கேள்வியோடுதான் எடுப்பார்.

இப்போது அந்தக் கேள்விக்கு இடமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. 1997இல் ஏசி’97 என்ற தர வரையறை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஒலி அட்டை மதர்போர்டிலேயே கரைந்தது. பிறகு கிராபிக்ஸும் பிராசஸருக்குள் குடிபோனது. விலை குறைந்தது, டிரைவர் தொல்லை ஒழிந்தது என்பார்கள், சரிதான். ஆனால் லேப்டாப்பின் ஹெட்போன் ஜாக் ஆட்டம் கண்டால் என்ன நடக்கிறது? “போர்டையே மாத்திடுங்க சார்” என்கிறார் சர்வீஸ் பையன். ஜாக் என்னவோ சில்லறைச் சாமான்தான். அதைக் கழற்றிப் புதிதாகச் சால்டர் வைக்கும் கை அருகிக்கொண்டிருப்பதுதான் என் பயம். (அவசரத்துக்கு ஒரு யூஎஸ்பி சவுண்டு டாங்கிள் போதும். மலிவு டாங்கிளின் மேல் ‘7.1’ என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு, ஹெட்போன் துளையை எண்ணிப் பாருங்கள். ஒன்று இருக்கும். அதில் வருவது ஸ்டீரியோ. மீதியெல்லாம் சாஃப்ட்வேர் ஜாலம்.)

டைப் சி வந்தபின் கண்ணால் பார்த்துக் கற்பதும் போய்விட்டது. ஒரே மாதிரி இரண்டு துளை. ஒன்றில் மானிட்டர் ஓடும், மற்றதில் சார்ஜ் மட்டும் ஏறும். கேபிளும் அப்படியே.

யூடியூபில் எதை வாங்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கற்க நினைக்கும் பிள்ளைக்கு நான் கேட்பது ஒரு பழைய டெஸ்க்டாப், ஒரு ஸ்க்ரூ டிரைவர். கல்லூரி லேபுகளும் அலுவலகங்களும் எடைக்குப் போடும் மெஷின்களில் பிசிஐ ஸ்லாட் உள்ளவை இன்னும் கிடைக்கின்றன. பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. கரண்டை நிறுத்திய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். மற்றதையெல்லாம் பிரித்துப் போட்டு மாட்டட்டும்.