ஐந்து முறைதான் அனுமதி

அமெரிக்காவிலிருந்து அண்ணன் வாங்கி வந்த டிவிடி அசல். கொடுத்த டாலரும் அசல். ஆனாலும் இந்தியக் கம்ப்யூட்டர் அதை ஓட்ட மறுத்தது. ஹாலிவுட் உலகைக் கூறு போட்டிருந்தது: அமெரிக்காவுக்கு மண்டலம் 1, ஐரோப்பாவுக்கு 2, இந்தியாவுக்கு 5. இங்கே தியேட்டருக்குப் படம் வரும் முன்பே வட்டு வந்துவிடக் கூடாதாம்.

2000 முதல் தயாரான டிரைவ்களில் பூட்டு உள்ளேயே இருந்தது. மண்டலத்தை ஐந்து முறை மாற்றலாம். ஐந்தாவதாகத் தேர்ந்ததே கடைசிவரை. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் கணக்கு அழியாது. அது டிரைவின் நினைவில் பதிந்தது. துணிந்தவர்கள் டிரைவுக்குள் இருக்கும் ஃபர்ம்வேரையே மாற்றி எழுதினார்கள். பாதியில் மின்சாரம் போனால் டிரைவ் வெறும் தகரம். விஎல்சி பிளேயர் மண்டல எண்ணைப் பொருட்படுத்தாது. சில டிரைவ்கள் அதற்கும் மசியவில்லை. சாமர்த்தியசாலிகள் இரண்டாவது டிரைவ் ஒன்றை வாங்கி, 1க்கு மாற்றிவிட்டு அப்படியே விட்டார்கள்.