இரைப்பையின் தாளம்

தீராத அஜீரணத்தால் அவதிப்படும் குழந்தைகளின் வயிற்றில் ஓடும் மின்சாரத்தைப் பதிவு செய்ய முடியும். அது என்ன சொல்கிறது என்பதில்தான் சிக்கல்.

காலை 8 மணி. மைசூரின் விஜயநகரிலிருந்து ஹுன்சூர் சாலையை நோக்கிப் பள்ளி வேன்கள் விரையும் நேரம். தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது. "போதும்மா, வயிறு ரொம்பிடுச்சு." பாதி இட்லியைத் தாண்டாத எட்டு வயதுச் சிறுமி மேல்வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். அப்பாவுக்கு இது பள்ளிக்கு மட்டம் போடும் தந்திரம். பாட்டிக்கு இது குடலேற்றம். அம்மாவின் கையிலிருக்கும் ஃபைலில் ஸ்கேன், ரத்தம், மலம் என எல்லாமே 'நார்மல்'.

இது ஏதோ ஒரு வீட்டின் கதையல்ல. விஜயநகருக்குப் பதில் கோவை என்றோ தாராவி என்றோ போட்டுக்கொள்ளலாம். பிரிட்டனில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் 1958-ல் ஆயிரம் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒருவருக்கு அடிக்கடி வயிற்று வலி இருப்பது தெரிந்தது. இத்தகைய குழந்தைகளில் பெரும்பாலானோருக்குப் புண்ணோ கட்டியோ கிடையாது. அப்படியானால் வலிப்பது எது?

ஒரு விடை மின்சாரத்தில் இருக்கலாம். இதயத்தைப் போலவே இரைப்பைக்கும் ஒரு தாளம் உண்டு. அதன் தசைச் சுவரில் இருக்கும் காஹால் செல்கள் (ஸ்பெயின் நாட்டு நோபல் விஞ்ஞானியின் பெயர்) நிமிடத்துக்குச் சுமார் 3 முறை மெல்லிய மின் அலைகளை எழுப்புகின்றன. உணவை அரைத்துக் குடலுக்குத் தள்ளும் தசை அசைவுகள் இந்தத் தாளத்தைத்தான் பின்பற்றுகின்றன.

வயிற்றின் மேல் தோலில் மின்முனைகளை ஒட்டி இதைப் பதிவு செய்வதே ஈ.ஜி.ஜி. எனப்படும் எலெக்ட்ரோகாஸ்ட்ரோகிராம். இதயத்துக்கு ஈ.சி.ஜி. போல. ஊசியில்லை, குழாயில்லை. குழந்தை வெறும் வயிற்றில் வந்து படுக்க வேண்டும். சிறிது நேரப் பதிவுக்குப் பின் உணவு, மீண்டும் பதிவு. கஷ்டமான பகுதி அசையாமல் இருப்பதுதான். இரைப்பையின் சமிக்ஞை ஈ.சி.ஜி.யைவிடப் பல மடங்கு பலவீனமானது. குழந்தை இருமினாலும் நெளிந்தாலும் வரைபடம் கெட்டுவிடும்.

யோசனை புதிதல்ல. 1921-ல் சான்பிரான்சிஸ்கோவில் வால்டர் அல்வாரெஸ் என்ற மருத்துவர், வயிற்றுச் சுவர் மிக மெலிந்திருந்த ஒரு பெண்ணிடம் இதை முதலில் பதிவு செய்தார். தோலுக்கு அடியில் இரைப்பை அசைவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது; கருவியும் நிமிடத்துக்கு 3 அலைகள் என்றே காட்டியது. 1926-ல் குழந்தை மருத்துவர் டம்பியர், இரைப்பையின் வெளிவாசல் குறுகிப்போன பச்சிளங்குழந்தை ஒன்றிடம் அதே சோதனையைச் செய்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் யாரும் அதிகம் சீண்டவில்லை. கம்ப்யூட்டர்கள் வந்து, மூச்சு, இதயத் துடிப்பின் இரைச்சலிலிருந்து அலையைப் பிரித்துக் காட்டிய பிறகே மறுவாழ்வு கிடைத்தது.

1992-ல் இத்தாலியின் சால்வதோரே குக்கியாரா குழுவினர், புண் இல்லாமலேயே அஜீரணத்தால் துன்பப்பட்ட குழந்தைகள் பற்றிய ஈ.ஜி.ஜி. ஆய்வை வெளியிட்டனர். ஆரோக்கியமான குழந்தைகளைவிட அவர்களிடம் தாளக் கோளாறு அதிகம். சிலருக்கு அலை நிமிடத்துக்கு 2-க்கும் குறைவாக மந்தமானது. சிலருக்கு 4-ஐத் தாண்டி ஓடியது. 'நார்மல்' ஃபைலுடன் அலைந்த பெற்றோருக்கு இது பெரிய செய்தி. குழந்தை பொய் சொல்லவில்லை.

ஆனால் அவசரப்பட்டு லேப் வாசலில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நாள்பட்ட அஜீரணம் உள்ள பல குழந்தைகளின் வரைபடம் ஒழுங்காகவே இருக்கிறது; எந்தத் தொல்லையும் இல்லாத சிலரிடம் தாளம் தப்புகிறது. எனவே இது ஆராய்ச்சிக்கு உதவும் கருவி. நோயை உறுதி செய்யும் முத்திரையல்ல. எல்லா ஊரிலும் கிடைப்பதுமில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் உருவான, 64 மின்முனைகள் கொண்ட ஒட்டுப்பட்டை ஒன்றுக்கு 2022-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. துல்லியம் கூடலாம்.

தாளத்தைச் சரிசெய்ய மருந்து? இங்கே ஒரு கசப்பான கதை உண்டு. 1990-களில் இரைப்பையை முடுக்கும் சிசாப்ரைட் குழந்தைகளுக்கும் தாராளமாகத் தரப்பட்டது. ஆய்வுகளில் வரைபடமும் சீரானது. பிறகுதான் அது இதயத்தின் தாளத்தையே குலைக்கக்கூடும் என்று தெரிந்தது. இந்தியா 2011-ல் தடை விதித்தது. நம் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் சாதாரணமாகக் காணப்படும் டோம்பெரிடோன் சிரப்பும் அப்பாவியல்ல. ஒரு வாரத்துக்கு மேல் பொதுவாகத் தர வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் எச்சரித்தது. கடைக்காரரிடம் கேட்டு வாங்கி ஊற்றும் வழக்கத்தை நிறுத்துவது நல்லது.

அப்படியானால் டாக்டர்கள் எதை நம்புகிறார்கள்? பெரும்பாலும் பேச்சை. 2016-ல் வெளியான 'ரோம்' வரையறையின்படி, சாப்பிட்டதும் பொருமல், சீக்கிரமே வயிறு நிறைதல், மேல்வயிற்றில் வலி அல்லது எரிச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மாதத்தில் குறைந்தது 4 நாட்கள், 2 மாதங்களுக்கு நீடித்து, வேறு நோயும் தென்படாவிட்டால் அது செயல்பாட்டு அஜீரணம். மூளையும் வயிறும் ஓயாமல் பேசிக்கொள்வதால் பரீட்சை பயமும் வகுப்பில் கேலியும் இதைக் கூட்டலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை உணவு, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைப்பது, வலித்தாலும் முடிந்தவரை பள்ளிக்கு அனுப்புவது ஆகியவையே முதல் சிகிச்சை. பாட்டியின் சீரகத் தண்ணீரால் கெடுதல் இல்லை. தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரலோ குழலோ விடுவதுதான் ஆபத்து.

எடை குறைவது, வளர்ச்சி நிற்பது, பச்சை நிறத்திலோ ரத்தத்துடனோ வாந்தி, கறுத்த மலம், விழுங்கும்போது வலி, காரணமில்லாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்போது முதலில் தேவைப்படுவது ஈ.ஜி.ஜி. அல்ல. எண்டோஸ்கோப்பியா, வேறு சோதனையா என்பதை அவர் முடிவு செய்வார்.