வென்ற பிறகு வந்த விதி

பள்ளிக்கூடத்துச் சரித்திரப் பாடத்தில் வாஸ்கோடகாமா என்ற பெயரை நெட்டுருப் போடாதவர் நம்மில் யார்? 1498-ல் கள்ளிக்கோட்டைக் கரைக்கு வந்து சேர்ந்த போர்ச்சுக்கல் கப்பல் தலைவன். முதலில் மிளகு தேடி வந்தான். மறுமுறை பீரங்கிகளோடு வந்தான். 1502-ல் யாத்திரிகர் கப்பலொன்றைப் பெண்டு பிள்ளைகளோடு கொளுத்தினான். அந்தப் பெயர் நம் காதுக்கு இனிக்காது.

ஆனால், அதே பெயரைத் தாங்கிய கால்பந்துக் கழகம் ஒன்று பிரேசில் நாட்டிலே, ரியோ டி ஜெனிரோ நகரிலே இருக்கிறது. பெயர் ஆதிக்கக்காரன் பெயர். அது செய்த காரியமோ, ஆதிக்கக்காரர்களின் முகத்துக்கு நேரே நின்று "முடியாது" என்று சொன்னது! அந்தக் கதையைத்தான் இன்று தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1898 ஆகஸ்டு 21-ல் அந்தக் கழகம் பிறந்தது. கடற்பயணத்தின் நானூறாவது ஆண்டு என்பதால், ரியோவில் குடியேறியிருந்த போர்ச்சுக்கீசியர் அந்தப் பெயரைச் சூட்டினர். அப்போது கால்பந்து இல்லை, படகுப் போட்டிதான். பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888-ல். பதினாறே ஆண்டுகள் கழித்து, 1904-ல், கலப்பினத்தவரான காண்டிடோ ஜோசே டி அரௌஜோ என்பவரை அந்தக் கழகம் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. விதை அப்போதே விழுந்துவிட்டது.

அந்த நாளில் கால்பந்து யாருடைய ஆட்டம்? சீமான் வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம்! 1902-ல் தோன்றிய ஃபுளுமினென்ஸ் கழகத்தில் பட்டணத்துப் பெரிய குடும்பங்கள் கூடும். 1914-ல் அந்தக் கழகத்தில் ஆடிய கார்லோஸ் ஆல்பர்ட்டோ என்ற கலப்பின இளைஞன், வெள்ளையாகத் தெரிய வேண்டுமென்று முகத்தில் அரிசி மாவுப் பொடியைப் பூசிக்கொண்டு களமிறங்கியதாகச் சொல்வார்கள். ஆட்டம் சூடேறிற்று, வியர்வை வடிந்தது, பொடி கரைந்தது, பார்த்தவர்கள் "அரிசி மாவு! அரிசி மாவு!" என்று கூவினார்களாம். கரைந்தது பொடி, கரையாமல் நின்றது கூவியவர்களின் அழுக்கு.

கறுப்பு மனிதன் அதற்குமுன் களத்தில் கால் வைத்ததே இல்லையா? வைத்ததுண்டு. பாங்கு என்னும் பஞ்சாலைப் பகுதியின் கழகம், 1905-லேயே பிரான்சிஸ்கோ கர்ரெகால் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஆடவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. ஏன்? பாங்கு வெற்றிக் கோப்பையைத் தூக்கவில்லை. தோற்பவனைச் சகிப்பது எளிது. அவன் வென்றால்?

வென்று காட்டிற்று வாஸ்கோ. 1916-ல் கீழ்ப் பிரிவில் கால்பந்து ஆடத் தொடங்கி, 1922-ல் மேற்பிரிவுக்கு ஏறி, ஏறிய முதலாண்டிலேயே, 1923-ல், ரியோவின் பட்டத்தைப் பறித்தது! யார் அந்த வீரர்கள்? கோல் காத்த நெல்சன் டா கான்சைசாவ் - வாடகைக் கார் ஓட்டியவர். செசி - சுவருக்கு வர்ணம் அடித்தவர். நிக்கோலினோ - துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். போலாவ் - லாரி டிரைவர். இவர்கள் கறுப்பரும் கலப்பினத்தவரும். கூட நின்ற வெள்ளையர்களும் ஏழைத் தொழிலாளிகளே. உருகுவே நாட்டுப் பயிற்சியாளர் ரமோன் பிளாட்டெரோ இவர்களை ஓட ஓட விரட்டிப் பழக்கினார். முற்பாதியில் சீமான் பிள்ளைகள் சமாளித்தனர். பிற்பாதியில் மூச்சு வாங்கினர். மூட்டை சுமந்த கால்களுக்கோ களைப்பு தெரியவில்லை. அந்த ஆண்டு முழுவதிலும் வாஸ்கோ தோற்றது ஒரே ஓர் ஆட்டம்!

"பணம் வாங்காமல் ஆடுவதே விளையாட்டின் தூய்மை" என்றனர் எதிரிகள். நல்ல வேதாந்தம்! அப்பன் வீட்டுச் சோற்றில் வளர்பவன் கூலியில்லாமல் ஆடலாம். அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்பவன் எப்படி ஆடுவான்? வாஸ்கோவின் போர்ச்சுக்கீசிய வியாபாரிகள் தங்கள் கடைகளில் வீரர்களுக்கு வேலை கொடுத்தார்கள். வென்றால் வெகுமதியும் கொடுத்தார்கள். அந்நாட்டு மிருகச் சீட்டாட்டத்தின் வழக்கப்படி, தொகைக்குத் தொகை ஒரு மிருகத்தின் பெயர். பெரிய வெற்றிக்குப் பசுமாடு! ஆட்டக்காரனின் வெகுமதிக்கு "மிருகம்" என்ற பெயர் பிரேசிலில் நிலைத்தே போயிற்று.

மைதானத்தில் வெல்ல முடியாதவர்கள் மேசைக்குத் திரும்பினார்கள். 1924-ல் ஃபுளுமினென்ஸ், ஃபிளமெங்கோ, பொட்டாஃபோகோ, அமெரிக்கா ஆகிய பெரிய கழகங்கள் விலகிப் புதிய சங்கம் அமைத்தன. புதிய சங்கத்துக்குப் புதிய விதிகள்: ஆட்டக்காரன் எழுதப் படிக்கத் தெரிந்தவனாக இருக்கவேண்டும், கௌரவமான தொழில் செய்பவனாக இருக்கவேண்டும், கழகத்துக்குத் தகுந்த மைதானம் வேண்டும். "கறுப்பன்" என்ற சொல்லை எழுதினார்களா? இல்லை. எழுதவேண்டிய அவசியமே இல்லையே! தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலை அடைத்தவர்களே, "உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்று கேட்டார்கள். கழகம் தன் வீரர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது. ஒருவர் தம் குடும்பப் பெயர் எழுதக் கடினமென்று எளிய பெயராக மாற்றிக்கொண்டதாகவும் சொல்வார்கள்.

கடைசியில் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார்கள்: "12 பேரை நீக்கு, சேர்த்துக்கொள்கிறோம்."

வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகஸ்டோ பிரெஸ்டெஸ் 1924 ஏப்ரல் 7-ல் கடிதம் எழுதினார். அதன் சாரம் இதுதான்: அந்தப் பன்னிருவரும் வாழ்வைத் தொடங்கும் இளைஞர்கள், எங்களுக்கு வெற்றி தேடித்தந்தவர்கள், அவர்களைக் களங்கப்படுத்தும் காரியத்தைச் செய்யமாட்டோம், உங்கள் சங்கத்தில் சேரும் எண்ணத்தைக் கைவிடுகிறோம். "வரலாற்றுப் பதில்" என்று இன்றும் அந்நாட்டார் போற்றும் கடிதம் அது.

பன்னிருவரை விற்றிருந்தால் பெரியவர்களின் பந்தியில் இடம் கிடைத்திருக்கும். விற்கவில்லை. பழைய சங்கத்திலேயே ஆடி, அந்த ஆண்டு தோல்வியே காணாமல் பட்டம் பெற்றது. கூட்டம் வாஸ்கோவின் பக்கம் திரண்டது. 1925-ல் புதிய சங்கமே கதவைத் திறந்தது.

"மைதானம் எங்கே?" என்ற கேள்விக்கும் பதில் வந்தது. உறுப்பினர்களும் ஆதரவாளர்களும் பணம் திரட்டினார்கள். சாவோ ஜனுவாரியோ மைதானம் எழுந்தது. 1927 ஏப்ரல் 21-ல் திறந்தபோது பிரேசிலிலேயே பெரியது அதுதான். திறப்பு விழா ஆட்டத்தில் சாண்டோஸ் கழகத்திடம் 3-5 என்று தோற்றார்கள், அதனாலென்ன! சொந்த மண்ணில் அல்லவா தோற்றார்கள்! சர்வாதிகாரியாக ஆண்ட கெத்தூலியோ வர்காஸ், 1940 மே நாளில், தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை அறிவிக்கத் தேடி வந்ததும் அதே மைதானத்தைத்தான்.

இத்தோடு நிறவெறி மாண்டதா? இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1950 ஜூலை 16-ல் உலகக் கோப்பையில் உருகுவேயிடம் 1-2 என்று பிரேசில் தோற்றது. களத்தில் நின்றவர்கள் பதினோரு பேர். பழி விழுந்ததோ கறுப்பு வீரர்கள் மூவர் தலையில். அவர்களில் ஒருவர் வாஸ்கோவின் கோல் காவலர் பார்போசா. 2000-ல் அவர் இறக்கும்வரை, ஐம்பதாண்டுக் காலம், அந்தப் பழி அவரை விடவில்லை. பதினொருவர் தோற்ற தோல்விக்கு நிறம் பார்த்துத் தீர்ப்பு!

வாஸ்கோ பின்னர் நான்கு முறை பிரேசில் சாம்பியனாயிற்று; தன் நூற்றாண்டான 1998-ல் தென் அமெரிக்கக் கோப்பையையும் வென்றது; கீழ்ப் பிரிவுக்கும் பலமுறை சறுக்கிற்று. கோப்பைகள் வரும், போகும். அந்த ஒரு கடிதம் மட்டும் நிலைத்து நிற்கிறது.

ஆகவே தோழர்களே, "இது தகுதிக்கான விதி" என்று எவரேனும் நீட்டினால், விதியைப் படிப்பதற்கு முன் அதன் தேதியைப் பாருங்கள். உழைப்பவன் தோற்றுக்கொண்டிருந்த நாளில் எழுதியதா, அவன் வென்ற மறுநாள் எழுதியதா என்று கேளுங்கள். விடை அங்கே இருக்கும்!