தண்ணீரில் விழுந்த செல்போன்: படங்களைக் காப்பாற்றுவது எப்படி?

வாளித் தண்ணீரில் செல்போன் விழுந்து விட்டது. வீட்டில் ஒரே கூச்சல்!

போன் போனால் வேறு வாங்கலாம். அதில் இருந்த தாத்தாவின் கடைசிப் படம்?

போனை எடுத்ததும் அணைத்து விடுங்கள். "வேலை செய்கிறதா?" என்று போட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால், நுண்ணிய பாகங்கள் கெட்டு விடும். சார்ஜரையும் மாட்டக் கூடாது.

அரிசி வேண்டாம்!

சிலர் நனைந்த போனை அரிசிக்குள் புதைத்து வைக்கிறார்கள். இது தவறு. அரிசித் துகள்கள் ஐபோனைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2024-ம் ஆண்டில் எச்சரித்தது.

துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அடுப்பருகே வைக்காதீர்கள். பிறகு, பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

பூட்டும் சாவியும்

"படம் இருக்கும் பாகத்தை மட்டும் கழற்றி எடுக்கலாமே?" என்று கேட்கலாம். இக்காலப் போன்களில் அது போதாது. படங்கள் ரகசியக் குறியீடாக மாற்றிப் பூட்டப்பட்டு இருக்கின்றன. சாவியோ அதே போனின் இன்னொரு பாகத்தில் இருக்கிறது! ஆகவே, போன் உயிர் பெற்றால்தான் படம் கிடைக்கும்.

இன்றே செய்யுங்கள்

இதற்கு ஒரே வழி, படங்களின் பிரதியை வேறு இடத்திலும் வைப்பதுதான். கம்ப்யூட்டரிலோ பென் டிரைவிலோ ஏற்றி வைக்கலாம். கூகுள் போட்டோசில் "பேக்கப்" வசதியைப் போட்டு வைத்தால், புதுப் போனில் அதே கணக்கைத் திறந்ததும் பழைய படங்கள் வந்து விடும்.

கணக்கின் பெயரையும் ரகசியச் சொல்லையும் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். அந்தச் சொல் மறந்தால், பிரதி இருந்தும் பயன் இல்லை!