கைப்பேசிக் கோளாறுகளும் அண்டை அயலார் உதவியும்

பாஞ்சாலங்குறிச்சியும் அதைச் சூழ்ந்த ஒட்டப்பிடாரம் தாலூகாக் கிராமங்களும் பெரும்பாலும் மானாவாரிக் கரிசல் பூமிகளாம். வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கி உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு, பருத்தி முதலியவற்றை விதைக்கும் காலத்தில் குடியானவர்களுக்குப் பணமுடை மிகுதி. அச்சமயத்தில் பாங்குக் கணக்கில் வந்து சேரவேண்டிய தொகை வராமல் நின்றுவிடுமாயின், விதைக்கும் உரத்துக்கும் வட்டிக்குக் கடன் வாங்க நேரிடும். தொகை நின்ற காரணத்தை விசாரித்தால், பட்டாவிலோ கணக்கிலோ குற்றம் இராமல், கைப்பேசிக்கு ஓர் எண் வந்து சேராததே காரணமாக இருப்பதுண்டு. இத்தகைய சிறு கோளாறுகளை ஊரிலேயே, ஒருவருக்கொருவர் உதவியாக இருந்து, எவ்வாறு கண்டறிந்து நீக்கலாம் என்பதும், அவ்வுதவியினால் கேடு விளையாதபடி எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பதும் இங்கே விவரிக்கப்படும்.

கைப்பேசியை நம்பியிருக்கும் காரியங்கள்

2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தொடங்கப்பெற்ற பி.எம். கிசான் திட்டத்தின்படி, தகுதியுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளில் பாங்குக் கணக்கில் செலுத்தப்படுகிறது. இதற்கு இ-கே.ஒய்.சி. எனப்படும் ஆள் அடையாள உறுதி செய்தாகவேண்டும். ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக்கொண்டு செய்வது ஒரு வழி. சேவை மையத்தில் விரல்ரேகை வைப்பது மற்றொரு வழி. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை இயந்திரம் சில சமயம் ஏற்பதில்லை. 2023 ஜூன் மாதத்தில், அத்திட்டத்தின் செயலியில் முகத்தைக் காட்டியே உறுதி செய்யும் மூன்றாவது வழியும் ஏற்பட்டது. இம்முறையில் ஒரு விவசாயி தம் வேலையை முடித்துக்கொள்வதோடு, அண்டையிலுள்ள 100 விவசாயிகளுக்கும் அவரவர் வீட்டு வாயிலிலேயே செய்துகொடுக்கலாம் என்று மத்திய அரசாங்கம் அப்போது அறிவித்தது. அயலார் உதவியை அரசாங்கமே ஒரு சாதனமாக ஏற்றுக்கொண்டதற்கு இது தக்க உதாரணமாகும்.

இதுவன்றி, 2018-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் வெளியிட்ட உழவன் செயலியில் மானியத் திட்டங்கள், உர இருப்பு, சந்தை விலை, வானிலை முதலிய விவரங்கள் கிடைக்கின்றன. பயிர் இன்ஷூரன்ஸ் திட்டத்திலோ, உள்ளூர்ச் சேதங்களுக்கான விதி பொருந்தும் பயிர்களுக்குச் சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்கவேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்து, ஜில்லாவின் பல ஊர்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போனதை இப்பக்கத்தார் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய வேளையில், பழுதில்லாத கைப்பேசி ஒன்று தெருவில் இருத்தலே பெரும் அனுகூலம்.

கோளாற்றை ஆராயும் முறை

பயிர் வாடியிருப்பதைக் கண்டவுடன் ஏதோ ஒரு மருந்தைத் தெளிப்பவர் நல்ல விவசாயி ஆகார். வாட்டம் வேரிலா, தண்டிலா, இலையிலா என்று பார்த்து, பக்கத்துப் புஞ்சையில் நன்றாயிருக்கும் செடியோடு ஒப்பிட்டு, அதன் பின்னரே பரிகாரம் தேடுவார். கைப்பேசிக்கும் கணிப்பொறிக்கும் இம்முறையே பொருந்தும்.

முதலாவது, "வேலை செய்யவில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தச் செயலியில், என்ன செய்தபோது, திரையில் என்ன வாசகம் தோன்றிற்று என்பதை உள்ளவாறு சொல்லவேண்டும். இரண்டாவது, கோளாறு தோன்றுவதற்குச் சற்று முன் என்ன மாறுதல் நேர்ந்தது என்று நினைவுகூரவேண்டும். புதிய சிம் போட்டதோ, நீர் பட்டதோ, குழந்தைகள் எடுத்து விளையாடியதோ காரணமாகலாம். மூன்றாவது, ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கவேண்டும். நான்கு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால், கோளாறு நீங்கினும் எதனால் நீங்கிற்று என்று விளங்காது. நான்காவது, நன்றாக இயங்கும் அயலார் கைப்பேசியில் அதே காரியத்தைச் செய்து பார்க்கவேண்டும். அங்கும் நடைபெறாவிடில் குற்றம் கருவியில் இல்லை, தொடர்பிலோ அப்பால் உள்ள அலுவலகக் கணிப்பொறியிலோ இருக்கிறது என்று அறியலாம். ஐந்தாவது, கண்டதையும் செய்ததையும் நோட்டில் எழுதிவைக்கவேண்டும்.

கணிப்பொறிக் கோளாற்றை ஆங்கிலத்தில் பூச்சி என்னும் பொருள்படும் சொல்லாலேயே வழங்குகின்றனர். 1947-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய மார்க் 2 என்னும் பெரிய கணிப்பொறி பழுதுபட்டபோது, அதன் மின்தொடர்புகளின் இடையே மெய்யாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டனர். அதை எடுத்துத் தங்கள் வேலைக் குறிப்பேட்டில் ஒட்டி, தேதியோடு எழுதியும் வைத்தனர். அச்சொல் அதற்கு முன்னரே வழக்கில் இருந்ததாயினும், எழுதிவைக்கும் அந்தப் பழக்கமே கவனிக்கத்தக்கது.

அடிக்கடி நேரும் கோளாறுகளும் பரிகாரங்களும்

*ஓ.டி.பி. எண் வராமை.* முதலில் அயலார் ஒருவர் அக்கைப்பேசியை அழைத்துப் பார்க்கவேண்டும். மணி அடிக்காவிடில், ரீசார்ஜ் காலம் முடிந்திருக்கலாம். அல்லது விமானத்தில் செல்வோருக்காக உள்ள ஏரோப்ளேன் மோடு என்னும் அமைப்பு தவறுதலாகப் போடப்பட்டிருக்கலாம். மணி அடித்தால், சாதாரண எஸ்.எம்.எஸ். ஒன்றை அனுப்பிப் பார்க்கவேண்டும். அதுவும் வந்து சேர்ந்தால், கைப்பேசியில் குற்றம் இல்லை என்றும், ஆதாருடன் இணைந்திருப்பது வேறோர் எண்ணாக இருக்கலாம் என்றும் கொள்ளலாம். உதாரணமாக, திருப்பூரில் வேலை செய்யும் மகனுடைய எண்ணை ஊரிலுள்ள தாயாரின் ஆதாருக்குக் கொடுத்திருப்பார்கள். மகன் எண்ணை மாற்றியபின் தாயாரின் தவணை நின்றுபோகும். 90 நாட்களுக்கு மேல் உபயோகிக்கப்படாத எண் ரத்தாகிப் பிறருக்கு அளிக்கப்படவும் கூடுமாதலால், இதில் அசட்டை கூடாது. ஆதார் சேர்க்கை மையத்திலாவது, அவ்வசதியுள்ள அஞ்சல் நிலையத்திலாவது எண்ணைப் புதுப்பித்துக்கொள்ளவேண்டும்.

*இடம் நிரம்பிவிடுதல்.* செயலி அடிக்கடி நின்றுபோவதற்கும் புதிய செயலி ஏறாமைக்கும் இது முக்கிய காரணம். காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் வாட்ஸாப் வழியே நாள்தோறும் வந்து குவிகின்றன. செட்டிங்ஸ் பகுதியில் ஸ்டோரேஜ் என்னுமிடத்தைத் திறந்தால் எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று தெரியும். பட்டா, பத்திரம், பயிர்ச்சேதம் முதலியவற்றின் படங்களை முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொண்டு, அதன் பின்னரே வேண்டாதவற்றை நீக்குதல் வேண்டும்.

*சார்ஜ் ஏறாமை.* கரிசல் புழுதி சார்ஜர் செருகும் துவாரத்தில் படிந்து இறுகிவிடுவதுண்டு. கைப்பேசியை அணைத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய மரக்குச்சியால் பதமாக எடுத்துவிடலாம். ஊசியோ ஆணியோ உபயோகித்தல் ஆகாது. பின்னர் அயலாருடைய ஒயர், அதன்பின் அவருடைய சார்ஜர், அதன்பின் வேறு பிளக் என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கவேண்டும். பாட்டரி உப்பி, முதுகு புடைத்துக் காணப்பட்டால் உடனே உபயோகத்தை நிறுத்தி, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடவேண்டும். அதை அழுத்துவதும் குத்துவதும் தீப்பிடிக்கச் செய்யும். வரப்பில் வெயில் படும்படி கைப்பேசியை வைப்பதும் பாட்டரிக்குக் கெடுதல்.

*தேதி பிசகுதல்.* தேதியும் மணியும் தவறாயிருந்தால் பாங்குச் செயலிகளும் அரசாங்க வலைத்தளங்களும் திறக்கமாட்டா. அவற்றின் பாதுகாப்புச் சான்றுகளுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கருவியின் தேதி அதற்குப் புறம்பாயின் சான்று செல்லாததாகக் கருதப்படும். செட்டிங்ஸில் தேதி தானே அமையும்படி வைத்தால் போதும். அலுவலகக் கணிப்பொறி காலையில் திறக்குந்தோறும் பழைய ஆண்டைக் காட்டுமாயின், அதனுள்ளிருக்கும் பொத்தான் போன்ற சிறு பாட்டரி தீர்ந்துவிட்டது என்று அறிக. அதை மாற்றுவதற்குச் சொற்பச் செலவே ஆகும்.

*நிலத்தின் இடம் தவறாகப் பதிதல்.* வயலில் எடுத்த படம் பக்கத்து சர்வே எண்ணில் பதிவதுண்டு. கைப்பேசி தன் இடத்தை அறிவதற்குக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சைகைகள் வேண்டும். மரத்தடியிலும் கூரையின் கீழும் அவை சரிவரக் கிட்டா. வெட்டவெளியில் நின்று, லொக்கேஷன் அமைப்பைப் போட்டு, ஓரிரு நிமிஷம் பொறுத்துப் படம் எடுக்கவேண்டும். சில மீட்டர் பிசகு எப்போதும் இருக்கக்கூடுமாதலால், வரப்பின்மேல் நில்லாது நிலத்தின் நடுவில் நிற்றல் நலம். பயிர்க்கணக்கு எடுக்கும் கிராம உத்தியோகஸ்தர்கள் இதை முக்கியமாகக் கவனிக்கவேண்டும்.

*நீர் படுதல்.* உடனே அணைத்து, சிம்மை எடுத்துவிட்டு, காற்றோட்டமான நிழலில் உலரவிடவேண்டும். நன்றாக உலருமுன் சார்ஜ் போடலாகாது. அரிசிக்குள் புதைக்கும் வழக்கத்தால் பிரயோஜனம் இல்லை. அரிசித் தவிடும் குறுநொய்யும் துவாரங்களில் புகுந்து மேலும் கெடுக்கும்.

உதவுவோரும் உதவி பெறுவோரும்

அயலாரிடம் கைப்பேசியைக் கொடுப்பது, பெட்டிச் சாவியைக் கொடுப்பதற்குச் சமானம். ஆகையால் இருதரத்தாரும் சில விதிகளை அனுசரித்தல் அவசியம். உதவுபவர் வாயால் வழி சொல்ல, உடையவரே தம் கையால் திரையைத் தொடுதல் உத்தமம். அதனால் அடுத்த முறை அவரே செய்துகொள்வார். ரகசிய எண்ணைப் பதியும்போது உதவுபவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும். ஓ.டி.பி. எண்ணையும் யு.பி.ஐ. ரகசிய எண்ணையும் எவரும் கேட்கலாகாது, கேட்டாலும் சொல்லலாகாது. பணம் பெறுவதற்கு ரகசிய எண் வேண்டியதில்லை. பணம் கொடுப்பதற்கே அது வேண்டும் என்பதை எல்லோரும் மனத்தில் இருத்தவேண்டும்.

பி.எம். கிசான் பெயரைத் தாங்கிய போலிச் செயலிகள் வாட்ஸாப் குழுக்களில் பரவி, அவற்றை ஏற்றிக்கொண்டவர்களின் பாங்குப் பணம் களவுபோனதுண்டு. அவை ஏ.பி.கே. என்று முடியும் பெயருடன், தெரிந்தவர் அனுப்பியதுபோலவே வரும். பிளே ஸ்டோரில் தேடி எடுத்ததல்லாத எந்தச் செயலியையும் ஏற்றுதல் ஆகாது. அந்நியர் தொலைபேசியில் அழைத்து, தம் திரையில் நம் திரையைக் காட்டும் செயலியை ஏற்றச் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடவேண்டும். பணம் பறிபோயின், வெட்கத்தினாலோ அச்சத்தினாலோ மறைக்காமல், அந்தக் கணமே 1930 என்னும் எண்ணுக்கு அறிவிக்கவேண்டும். தாமதியாது அறிவித்தால் பணம் கைமாறுமுன் தடுக்க இடமுண்டு. விவசாய சந்தேகங்களுக்கு 1800-180-1551 என்னும் கட்டணமில்லா எண்ணும், பயிர் இன்ஷூரன்ஸுக்கு 14447 என்னும் எண்ணும் உள்ளன. இவற்றைச் சுவரில் எழுதிவைத்தல் நன்று.

ஊரில் செய்யத்தக்க ஏற்பாடு

1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் அறிவு மையங்களை ஏற்படுத்தினர். அவற்றின் கணிப்பொறிகளை நடத்தியவர்கள் அவ்வூர்களைச் சேர்ந்த தொண்டர்களே. பெண்களும் அவர்களுள் பலர். கடல் அலையின் உயரம் முதல் சந்தை விலை வரை அறிந்து ஒலிபெருக்கியில் சொல்லிவந்தனர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு என்னும் கடலோர ஊரில், சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, அம்மையத்தின் ஒலிபெருக்கியில் அதை முழங்கி ஊராரை அப்புறப்படுத்தினர். கருவியை இயக்க அறிந்தவர் ஊருக்குள்ளேயே இருந்தமையால் அச்செய்தி உரிய வேளையில் பயன்பட்டது.

அவ்வளவு பெரிய ஏற்பாடு எல்லா ஊருக்கும் வேண்டுவதில்லை. விதைப்புக்கு முன்னரும், தவணை வரும் மாதத்துக்கு முன்னரும், மாதம் ஒரு மாலை, கூட்டுறவுக் கடன் சங்கத்தின் தாழ்வாரத்திலோ நூலகத்திலோ, கைப்பேசி பழகிய இரண்டு மூன்று வாலிபர்கள் அமர்ந்தால் போதும். ஆண்களும் பெண்களும் தத்தம் கைப்பேசியோடு வரலாம். கண்ட கோளாறும் செய்த பரிகாரமும் ஒரு பொது நோட்டில் ஏறவேண்டும். ரகசிய எண்களோ ஆதார் எண்களோ அதில் ஏறலாகாது. ஒரு வருஷத்தில் அந்நோட்டே ஊரின் வைத்தியச் சுவடியாகிவிடும். நோட்டில் தீராத கோளாறுகளை மட்டும் கிராம நிர்வாக அலுவலரோ உதவி வேளாண்மை அலுவலரோ மேலிடத்துக்குத் தெரிவித்தால், அலைச்சலும் செலவும் பெரிதும் குறையும்.

களையெடுப்புக்கும் அறுப்புக்கும் இன்று ஒருவர் நிலத்திலும் நாளை மற்றவர் நிலத்திலும் மாற்றாளாகச் சென்று உழைப்பது குடியானவர்களுக்குப் பழகிய வழக்கமே. கைப்பேசிக் காரியத்திலும் அம்மாற்றுழைப்பைக் கைக்கொண்டு, ரகசிய எண்ணை மட்டும் தம்மிடமே வைத்துக்கொள்வார்களாயின், வரவேண்டிய தொகை விதைப்புக்குமுன் கைக்கு வரும். வந்த தொகையும் வஞ்சகர் கைக்குப் போகாது.